துவிச்சக்கர வண்டியின் விளக்கு

மாத்தளை மாவட்டத்தில் உறைபனி விழும் குளிர்காலம் இல்லை. மேலைநாட்டார் குளிர்காலம் என்று சொல்லும் மாதங்கள் இங்கே மாரிகாலமாக வருகின்றன. ஒக்டோபர் மாதத்துப் பிற்பகல் இடிமழையோடு தொடங்கி, பின்னர் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையாகத் தொடர்ந்து, ஜனவரி வரையில் வானம் பெரும்பாலும் கவிந்தே இருக்கும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் அமைந்த நாடாதலால் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலமும் ஆகாது. ஆயினும் நவம்பர் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜனவரி இறுதியிலோ காலை ஆறே கால் கடந்த பின்னர்தான் உதிக்கிறது. மலைகள் சூழ்ந்த ஊர்களில் இருள் முந்தி வந்து பிந்தி விலகும்.

இந்த இருளிலும் அரையிருளிலும் வீதிக்கு வருகின்றவர் பலர். உக்குவளையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் நகரத்துக் கடைகளுக்கு வேலைக்கு வருவோர், விடியுமுன் இறப்பர் மரத்தில் பால் வெட்டச் செல்வோர், தம்புள்ளைச் சந்தைக்குக் காய்கறி மூட்டையோடு புறப்படுவோர், மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவர் ஆகிய இவர்களுள் துவிச்சக்கர வண்டியையே நம்பியிருப்பவர் இன்றும் உளர். அவ்வண்டியின் முன்னே எரியும் விளக்கு சிறு பொருளாகவே தோன்றும். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதிலும் ஏழைத் தொழிலாளி கேட்டுவந்த கேள்வி விளக்கு எவ்வளவு பிரகாசமானது என்பதன்று. அதற்கு ஊட்டும் பொருள் எங்கிருந்து வரும், அதற்கு என்ன செலவாகும், வேண்டிய இரவில் அது கையில் இருக்குமா என்பதேயாகும்.

மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை வந்தது 1880 ஆம் ஆண்டில். ஏறத்தாழ அதே காலத்தில்தான் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் யோசேப்பு லூக்கஸ் என்பவர், 'வீதியின் வேந்தன்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டித் துவிச்சக்கர வண்டிக்கெனத் தனி எண்ணெய் விளக்கொன்றைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். அக்காலத்து வண்டியின் முன்சக்கரம் ஆளுயரம். அதன் கம்பிகளுக்கிடையே, அச்சிலிருந்து தொங்குமாறு விளக்கை மாட்டினர். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் திரி அணைந்தது. காற்று எதிர்த்தால் புகை எழுந்தது. 1885 இல் ஸ்டார்லி என்பவரின் 'ரோவர்' வண்டியும் 1888 இல் டன்லொப் அமைத்த காற்றடைத்த தயரும் வந்து, இரண்டு சக்கரங்களும் ஒத்த அளவினவாகி, வண்டி சாதாரண மக்களின் கைக்கெட்டிய பின்னரே விளக்குக்கு வண்டியின் முகப்பில், கைபிடிக்கு முன்னே, நிலையான இடம் கிடைத்தது. குலுக்கலைத் தாங்குவதற்கு அதன் பின்புறத்தில் வில்லும் பொருத்தினர். அப்படியும் அதன் ஒளி, வருபவர் இன்னார் என்று பிறருக்குக் காட்டியதேயன்றி, பாதையைக் காட்டியது என்று சொல்ல முடியாது.

சட்டமும் அதையே கேட்டது. 1888 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கர வண்டியையும் ஒரு வண்டி என்று ஏற்றுக்கொண்டது. அந்த மதிப்போடு ஒரு கடமையும் வந்து சேர்ந்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திற்குப் பின்னரும், உதிப்பதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னரும் வண்டி ஓட்டுபவர் விளக்கேற்றிச் செல்ல வேண்டும் என்பதே அது. பின்புறச் செவ்விளக்கைப் பற்றி நெடுங்காலம் வாதம் நடந்தது. மோட்டார் ஓட்டுபவனே தன் விளக்கின் ஒளி எட்டும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்லவேண்டும். பின்னால் வருபவனின் பொறுப்பை முன்னால் செல்பவன் தலையில் சுமத்துவது நீதியன்று என்று அந்நாட்டுத் துவிச்சக்கர வண்டிக் கழகத்தார் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1939 இல் போர் மூண்டு, நாடெங்கும் இருட்டடிப்பு வந்தபோது, நியாயத்திற்குக் காத்திராமல் பின்விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. நீதி யார் பக்கம் இருந்தாலும் அடிபடுபவன் ஒருவனே என்பதைக் கழகத்தாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் விளக்கில்லா வண்டிக்குப் பொலிசார் தண்டம் விதித்த காலம் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். சந்தியில் பொலிஸ் உத்தியோகத்தர் நிற்பதைக் கண்டவுடன் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவரும் இருந்தனர். ஓட்டுவதற்குத்தானே விளக்கு வேண்டும், தள்ளுவதற்கு வேண்டியதில்லையே! கடதாசிக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அதையே விளக்கென்று காட்டிச் சென்றவரும் உண்டு. இவற்றைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நல்ல விளக்கொன்றின் விலை நாட்கூலியையும் தாண்டி நின்றமையே இத்தந்திரங்களுக்குக் காரணம்.

எண்ணெய் விளக்கின் குறையைத் தீர்க்க வந்தது காபைட்டு விளக்கு. 1892 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் வில்சன் என்பவரும், பிரான்சில் மொய்சான் என்பவரும் தனித்தனியே மின்னுலையில் கல்சியம் காபைட்டை ஆக்கும் வழியைக் கண்டனர். பார்வைக்குச் சாம்பல் நிறக் கல். அதன் மேல் நீர் சொட்டினால் அசற்றலீன் என்னும் வாயு எழும். கொளுத்தினால் வெண்மையான ஒளி தரும். விளக்கின் மேலறையில் நீர், கீழறையில் கல், இடையே சொட்டுச் சொட்டாக நீர் விடும் திருகு என்பனவே இதன் அமைப்பு. இதன் ஒளியில் முதல் தடவையாக வீதியின் குழியும் கல்லும் தெரிந்தன. ஆனால் உள்ளிப்பூண்டை ஒத்த நாற்றம். ஒவ்வொரு நாளும் எஞ்சிய சுண்ணாம்புச் சேற்றைச் சுரண்டிக் கழுவும் வேலை. கல்லை ஈரம் படாமல் தகரப் பேணியில் காக்க வேண்டிய கவலை. மாரிகாலத்தில் காபைட்டை ஈரம் படாமல் காப்பது எளிதன்று. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் இவ்விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் வெட்டினர். அங்கும் இங்கும் கடையில் கல் வாங்க முடிந்தவரையிலேயே ஒளி கிடைத்தது.

பொருள் வாங்காமல் ஒளி பெறும் வழியொன்று டைனமோவோடு வந்தது. 1920 களில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தாரும் பிறரும் இதனை ஆக்கி விற்றனர். போத்தல் வடிவான சிறு கருவி. அதன் தலையிலுள்ள உருளை தயரின் பக்கத்தில் அழுந்திச் சுழலும். உள்ளே காந்தம் சுழன்று மின் பிறக்கும். 6 வோல்ற்று, 3 வாற்று என்பது பின்னர் நிலைபெற்ற அளவு. அதில் 2.4 வாற்று முன்விளக்குக்கும், 0.6 வாற்று பின்விளக்குக்கும் செல்லும். ராலி, ஹம்பர், ரட்ஜ், ஹேர்க்கியூலிஸ் என்று இலங்கையில் ஓடிய ஆங்கில வண்டிகளில் டைனமோ இருப்பது ஒரு மதிப்பாகவே கருதப்பட்டது. தமிழ்நாட்டில் 1949 இல் நிறுவப்பட்ட ரி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யத் தொடங்கியபின், இந்திய வண்டிகளும் இதே கோலத்தில் வந்தன.

கால்வலியைத் தவிர வேறு விலை கேட்காத விளக்கு என்று டைனமோவைப் புகழ்வது வழக்கம். சமவெளிக்கு அது பொருந்தும். மலைநாட்டிற்கு முழுவதும் பொருந்தாது. மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டைப் பக்கம் ஏறும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஏற்றத்தில் சக்கரம் மெல்லச் சுழலும்போது விளக்கு மின்மினியாக மங்கும். மூச்சு வாங்க நின்றால் அணைந்தே விடும். பின்னால் லொறி வருகின்ற அந்தக் கணத்தில்தான் அவர் இருளில் நிற்பார். இறக்கத்தில் வேகம் மிகும்போது ஒளி பெருகும். இரு குமிழ்களுள் ஒன்று முன்னரே பழுதாகியிருந்தால் மற்றதும் மிகுந்த மின்னால் எரிந்துபோவதுண்டு. மழை பெய்தாலோ தயரின் பக்கம் நனைந்து உருளை வழுக்கும். ஆக, மாரிகாலத்து ஏற்றத்தில், விளக்கு மிக வேண்டிய வேளையில், டைனமோ தன் கடமையில் தளர்ந்தது. இங்கிலாந்தின் ஸ்டேர்மி ஆர்ச்சர் நிறுவனத்தார் 1936 இல் சக்கரத்தின் குடத்திற்குள்ளேயே டைனமோவை அமைத்து வழுக்கும் குறையை நீக்கினர். அது நல்ல பொறி. ஆனால் அதற்குத் தனிச் சக்கரமே வேண்டியிருந்ததால் தொழிலாளியின் பணப்பைக்கு எட்டவில்லை.

டைனமோவுக்குப் போட்டியாக இருந்தது உலர்மின்கலம். 1886 இல் ஜெர்மனியரான கார்ல் கஸ்னர் அதனை ஆக்கினார். கையில் பிடிக்கும் டோர்ச் விளக்கு 1899 இல் அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றது. நின்றாலும் எரியும், மழையிலும் எரியும் என்பதால் டோர்ச்சைக் கைபிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் வண்டி ஓட்டும் பழக்கம் பரவிற்று. அது ஆபத்தான பழக்கம். பற்றறி தீர்ந்தால் எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டும். எறிய மனம் வராமல் உள்ளேயே விட்டால் கசிந்து டோர்ச்சையும் அரிக்கும். வெயிலில் காய வைத்தால் பற்றறிக்கு உயிர் வரும் என்று நம்பிக் கூரையில் வைத்தவர் எத்தனையோ பேர். சற்றே தேறியது போலத் தோன்றும். இழந்த சக்தி திரும்பாது.

இவ்விடத்தில் மாவட்டத்தின் மின்சார வரலாற்றைச் சிறிது நோக்குவது பொருந்தும். மாத்தளை மின்சாரத்தைப் பெறும் மாவட்டம் மட்டுமன்று, பிறப்பிக்கும் மாவட்டமுமாகும். பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே அதன் நீரை உக்குவளைக்குக் கொண்டுவந்து, 1976 முதல் அங்கே மின் பிறப்பிக்கின்றனர். அந்நீர் சுது கங்கையில் சேர்ந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து அங்கும் பொறியைச் சுழற்றுகிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலும் மின்னிலையம் உண்டு. இத்தனை இருந்தும், தோட்டத்து லயன் வீடுகளுக்கு மின்கம்பி மிகப் பிந்தியே வந்தது. வந்த மின்சாரமும் எந்நாளும் நிற்கும் என்ற உறுதி இல்லை என்பதை 2022 ஆம் ஆண்டு யாவர்க்கும் காட்டியது.

அவ்வாண்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டது. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வீதி விளக்குகளை அணைக்குமாறும் பணிக்கப்பட்டது. ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றவர்கள் மனம் சலித்துத் துவிச்சக்கர வண்டியைத் தேடினர்; புது வண்டிகளின் விலை வெகுவாக உயர்ந்தது; பரண்மேல் கிடந்த வண்டிகள் துடைக்கப்பட்டன. இருள் மிகுந்த வீதியில் வண்டிகள் மிகுந்தன. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. பழைய காலத்துக் கேள்வியே திரும்பி வந்தது: இன்றிரவு விளக்குக்கு எதை ஊட்டுவது?

நல்வாய்ப்பாக, விளக்கு அதற்குள் வெகுதூரம் மாறியிருந்தது. ஒளிகாலும் இருவாயி என்று பாடநூல்களும் எல்.ஈ.டி. என்று கடைகளும் சொல்லும் பொருளைச் சிவப்பொளி தருமாறு அமெரிக்காவில் நிக் ஹொலொனியாக் 1962 இல் ஆக்கினார். வெள்ளொளிக்கு நீலம் வேண்டும். பிரகாசமான நீலத்தை யப்பானிய அறிஞர்களான அகாசாகி, அமானோ, நக்காமுரா ஆகிய மூவர் 1990 களின் தொடக்கத்தில் கண்டு, 2014 இல் நொபெல் பரிசு பெற்றனர். மறுபக்கத்தில், மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க இலிதியம் அயன் மின்கலத்தை 1991 இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையை அமைத்த குடினஃப், விற்றிங்ஹம், யோஷினோ ஆகியோருக்கு 2019 இல் அதே பரிசு கிடைத்தது. இவ்விரண்டும் கூடிப் பிறந்ததே இளைஞர் 'சார்ஜ் லைட்' என்று சுருக்கிச் சொல்லும் இன்றைய விளக்கு.

இதன் பெருமையை ஒரு சிறு கணக்கில் காணலாம். கடைகளில் '18650' என்று குறிக்கப்படும் கலம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது, விரலளவு. 2,600 மில்லி அம்பியர் மணி கொள்ளளவும் 3.7 வோல்ற்றும் உடைய கலம் ஏறத்தாழ 9.6 வாற்று மணி சக்தியைத் தாங்கும். 3 வாற்று டைனமோவைச் சுழற்றி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மிதித்தாலே அவ்வளவு சக்தி கிடைக்கும். அதை நிரப்பச் செலவாகும் மின்சாரமோ ஓர் அலகின் நூற்றிலொரு பங்கை ஒட்டியதே. பழைய இழைக் குமிழ் ஒரு வாற்றுக்குப் பத்து லூமன் அளவில் ஒளி தந்தது. இன்றைய விளக்கு நூறு லூமன் அளவில் தருகிறது.

இதே கணக்கு ஏமாறாமலிருக்கவும் உதவும். விலை மலிந்த விளக்குகளின் பெட்டியில் ஆயிரம் லூமன் ஒளியைப் பத்து மணித்தியாலம் தரும் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஆயிரம் லூமனுக்குப் பத்து வாற்று வேண்டும். ஒரே கலமுடைய விளக்கு அதை ஒரு மணித்தியாலமும் தாங்காது. கலத்தின் மேல் 9,900 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். இவ்வளவுடைய கலத்தில் உண்மையாகக் கிடைப்பது உயர்ந்தபட்சம் ஏறத்தாழ 3,500 தான். நல்ல கலம் 45 கிராம் அளவில் நிறுக்கும். கையிலெடுத்தால் மிக இலேசாக இருப்பது ஐயத்திற்குரியது. ஊர்வீதியில் மிதமான வேகத்தில் செல்பவருக்கு 200 லூமன் போதுமானது. அதற்கு மேற்கூறிய கலம் நான்கு மணித்தியாலத்தை ஒட்டி எரியும். வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு அது வரும்.

மாரிகாலத்திற்கு வாங்குபவர் பிரகாசத்துக்கு முன்னர் மழைக்காப்பையே பார்க்கவேண்டும். ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதையும், 7 என்ற குறி ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதாகாது என்பதையும் உணர்த்தும். இலக்கத்தைவிட நம்பத்தக்கது மின்னேற்றும் துளையின் இறப்பர் மூடி. அது தளர்ந்திருந்தால் எந்த இலக்கமும் காக்காது. நனைந்த துளையில் உடனே மின்னேற்றாமல், துடைத்து உலர விடுதல் வேண்டும். ரிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனியில் மிகுந்த ஒளி திரும்பித் தன் கண்ணிலேயே விழும். அங்கே ஒளியைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்திவைப்பதே பயன் தரும். எங்கும் அதன் நடு ஒளி இருபது, இருபத்தைந்து அடி தூரத்தில் நிலத்தில் விழுமாறு சாய்த்தால், ஒடுங்கிய வீதியில் எதிரே வருபவர் கண் கூசாது. ஜெர்மனியில் வண்டி விளக்கின் ஒளி மேலே சிதறாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விதியே உண்டு. இலங்கைக் கடைகளில் அத்தகையவை அருமை.

முன்விளக்குக்கே பணமெல்லாம் செலவிட்டுப் பின்விளக்கை மறப்பது பரவலான வழக்கம். கண்டி யாழ்ப்பாண வீதியில் நாலந்தையைத் தாண்டி, நாவுலை, தம்புள்ளை என்று இரவில் விரையும் லொறிகள் பின்னாலிருந்தே வருகின்றன. சிவப்புத் தெறிகண்ணாடி பிறர் விளக்கை நம்பியிருப்பது. லொறியின் விளக்கு மழைச்சேற்றில் மங்கியிருந்தால் அது தெரியாது. சிறு செவ்விளக்கு தன் ஒளியிலேயே தெரியும். கையில் உள்ள பணம் ஒன்றுக்கு மட்டுமே போதுமாயின், வீதிவிளக்குள்ள நகர்ப்புறத்தில் செல்பவர் பின்விளக்கை முதலில் வாங்குவதே அறிவுடைமை.

மின்துண்டிப்பின் கேள்வி எஞ்சி நிற்கிறது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்னிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளையும் வெள்ளத்தையும் கொண்டுவந்தபோது, மாத்தளையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆகையால், விளக்கு முழுதும் தீர்ந்தபின் மின்னேற்றுவதைவிட, பாதி தீர்ந்தவுடனேயே ஏற்றிவைப்பது நன்று. இலிதியம் கலத்திற்கும் அதுவே நலம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் அதே கம்பியை ஏற்கும் விளக்கானால், சேமிப்புப் பற்றறியிலிருந்தோ சிறு சூரியத் தகட்டிலிருந்தோ அதனை நிரப்பலாம். கலத்தைக் கழற்றி மாற்றத்தக்க விளக்கு சற்று விலை கூடினாலும், முந்நூறு நானூறு தடவை மின்னேற்றிக் கலம் தளர்ந்தபின் விளக்கையே எறிய வேண்டியதில்லை. தளர்ந்த கலத்தை அடுப்பிலோ குப்பைத் தீயிலோ இடலாகாது, அது வெடிக்கும்.

புது விளக்குகள் கைபிடியில் இறப்பர்ப் பட்டியால் கட்டப்படுகின்றன. இறங்கும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய் விளக்கையும் காபைட்டு விளக்கையும் தாங்குவதற்கென்று முகப்பில் பொருத்தப்பட்ட இரும்புத் தாங்கி பழைய ராலி வண்டிகளில் இன்னும் இருக்கிறது. சந்தைக்குப் போய்வரும் பெரியவர்கள் அதில் காய்கறிப் பையை மாட்டிக்கொள்கிறார்கள்.